சூடம் ஓடாத தண்ணீர்

அரப்புத் தூளின் வாசனை எனக்கு ஆகாது. கொங்குப் பக்கத்துச் சிநேகிதிகளின் வீட்டில் தங்க நேர்ந்தால், காலையில் அந்தப் பச்சைத் தூளைக் கிண்ணத்தில் கரைத்துக் கொண்டுவந்து, தலைக்குத் தேய்த்துக் குளிக்க இதைவிடக் குளிர்ச்சி வேறு கிடையாது என்று அன்போடு நீட்டுவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோப்பைத் தேடுவேன். டவுன்காரி என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். காரணத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குப் பின்னாலும் சொல்ல முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது திருச்செங்கோட்டுக்கு அப்பால் இருந்த ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில். அறிவியல் ஆசிரியை. சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில், குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கினேன். தெருவின் அடிபம்பில் வீட்டுக்கார அம்மா பிடித்து வைக்கும் தண்ணீரில் எனக்கும் ஒரு குடம் வந்துவிடும். பகலில் பள்ளித் தொட்டித் தண்ணீர்தான்.

அந்தத் தொட்டி ஊருக்கே பெருமை. ஆளுயரச் சிமெண்டுத் தொட்டி. பக்கத்தில் ஏறிப்போகப் படிகள். மேலே மூடி கிடையாது. அடியில் வைத்திருந்த குழாய் எப்போதோ உடைந்துபோய், அந்த ஓட்டையில் மரத்தக்கை அடித்திருந்தார்கள். அதனால் படியேறித்தான் சொம்பில் மொள்ள வேண்டும். தொட்டியைக் கட்டிக் கொடுத்தவர் ஊரின் பெரிய விவசாயி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு லாரி ஒன்றும் வைத்திருந்தார். அந்த லாரியைக் கொண்டே பள்ளிக்கு போர் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். ஊரில் எல்லோரும் அவரை ரிக்குக்காரர் என்றே சொல்வார்கள். தொட்டியின் நெற்றியில் அவர் பெயரையும் அவருடைய அப்பாவின் பெயரையும் சிமெண்டில் எழுத்தெழுத்தாகப் பதித்திருந்தார்கள்.

தொட்டிக்கு ஒரு சட்டமும் இருந்தது. ஊருக்குத் தெற்கே காலனியிலிருந்து வரும் பிள்ளைகள் படியேறக் கூடாது, சொம்பைத் தொடக் கூடாது. கீழே நின்று கையை ஏந்த வேண்டும். வேறு பிள்ளை யாராவது மேலிருந்து ஊற்றும். யாரும் எழுதி வைக்கவில்லை. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்தேன். தலைமையாசிரியரிடம் கேட்டபோது, "அது பசங்களே பண்ணிக்கறது டீச்சர். நாம தலையிடறதில்ல" என்றார்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு கசப்பு உண்டு. இலைக்கசப்பு. சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. போர்த் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வெயில் காலத்தில் ஒரு பொழுதுக்கு இரண்டு மூன்று சொம்பு குடித்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்புக்குத் தண்ணீரின் பண்புகள் என்று ஒரு பாடம். பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொண்டிருந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதனால் கையில் கிடைத்ததைக் கொண்டு நடத்தினேன். கொத்தனார் ஒருவரின் பெண் மட்டம் பார்க்கும் டியூப்பை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். அதன் இரண்டு முனைகளையும் எப்படித் தூக்கினாலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, போஸ்ட் கார்டால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்தேன். தண்ணீர் கொட்டவில்லை. ரப்பர் குழாயால் மேல் வாளியிலிருந்து கீழ் வாளிக்குத் தண்ணீர் இறக்கிக் காட்டப்போனபோது, லாரி ஓட்டுபவரின் மகன் ஒருவன் என் கையிலிருந்து குழாயை வாங்கி ஒரே உறிஞ்சில் ஓட வைத்துவிட்டான். டீசல் எடுக்க அவன் அப்பா அப்படித்தான் செய்வாராம். எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

அடுத்தது பரப்பு இழுவிசை. தண்ணீரின் மேற்பரப்பு மெல்லிய தோல் போல இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதைக் காட்ட வேண்டும். அதற்குச் சூடத்தைவிட நல்லது இல்லை. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, சூடத்தைக் கடுகளவு கிள்ளிப் போட்டால், உயிர் வந்ததுபோல் அது சுற்றிச் சுற்றி ஓடும். ஞாயிற்றுக்கிழமை என் அறையில் செய்து பார்த்தேன். அடிபம்புத் தண்ணீரில் சூடத் துணுக்குகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. வீட்டுக்கார அம்மா அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

மறுநாள் வகுப்பில், தொட்டியிலிருந்து மொண்டு வரச் சொன்ன தண்ணீரைத் தட்டில் ஊற்றிச் சூடத்தைப் போட்டேன். போட்ட இடத்திலேயே கிடந்தது. இன்னொரு துணுக்கு போட்டேன். அதுவும் அசையவில்லை. தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்று சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி ஊற்றிப் போட்டேன். சூடம் வெள்ளைப் புழுபோல மிதந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆசிரியை தோற்றுப்போனால் சிரிக்கும் வயது அது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில், வகுப்பிலேயே உயரமான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலனியிலிருந்து வருபவள். அவள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"திங்கக்கெழம அந்தத் தண்ணியில எதுவும் ஆகாதுங்க டீச்சர்."

ஏன் என்று கேட்டேன். முன்பெஞ்சிலிருந்து யாரோ அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் என் அறையிலிருந்து தூக்குப்போசியில் அடிபம்புத் தண்ணீர் கொண்டுபோனேன். இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் அந்தத் தண்ணீர், இன்னொன்றில் தொட்டித் தண்ணீர். என் தண்ணீரில் சூடம் ஓடியது. பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். தொட்டித் தண்ணீரில் சும்மா கிடந்தது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கல்லூரியில் படித்ததுதான். எண்ணெய் ஒரு பொட்டுப் பட்டாலும் சூடம் ஓடாது. எண்ணெய் வைத்துப் பின்னியிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, தலையைத் தொட்ட விரலைச் சூடம் ஓடிக்கொண்டிருந்த தட்டில் வைக்கச் சொன்னேன். வைத்ததும் சூடம் நின்றுவிட்டது.

தொட்டித் தண்ணீரில் எண்ணெய் எப்படி வந்தது என்று பொதுவாகக் கேட்டேன். கடைசி பெஞ்சுப் பெண்ணைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"சனிக்கெழமயானா ரிக்குக்காரரு எண்ண தேச்சுத் தண்ணி வாத்துக்குவாருங்க டீச்சர். தொட்டிக்குள்ள எறங்கித்தானுங்க."

அரப்பும் போட்டுத்தான் என்று இன்னொரு குரல் சேர்த்துச் சொன்னது.

அன்று காலை வந்ததும் ஒரு சொம்பு குடித்திருந்தேன். அந்த இலைக்கசப்பு நாக்கில் மறுபடி ஊறியது. அது போர்த் தண்ணீரின் கசப்பில்லை. ஒரு மனிதனின் தலையிலிருந்தும் முதுகிலிருந்தும் இன்னும் எங்கெங்கோ இருந்தும் வழிந்த அரப்பின் கசப்பு. ஜூன் மாதம் சேர்ந்த நாளிலிருந்து நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தேன். வகுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளிக்கலாம் என்று நிமிர்ந்தபோதுதான் கொப்பளிக்கவும் அந்தத் தண்ணீரைத் தவிர வேறு இல்லை என்று உறைத்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது, அதுவரை கண்ணில் பட்டும் மனசில் படாத ஒன்றைப் பார்த்தேன். மேசைமேல் தலைமையாசிரியரின் கூஜா. ஜன்னலில் கணக்கு வாத்தியாரின் பிளாஸ்டிக் கேன். தையல் டீச்சரின் பையில் துணி சுற்றிய பாட்டில். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நான் சொம்பு சொம்பாகக் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

தையல் டீச்சரிடம் கேட்டேன். அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்க புதுசா வந்தவங்க. எப்படி எடுத்துக்குவீங்களோன்னு சொல்லலீங்க." நான் எப்படி எடுத்துக்கொள்வேனோ என்று யோசித்தவர், பிள்ளைகள் எதைக் குடிக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் தட்டில் இருந்து ஒரு வடைகூட எடுத்துச் சாப்பிட எனக்குக் கை வரவில்லை.

தலைமையாசிரியரிடமும் போனேன். அவர் கோபப்படவில்லை. கூஜாவின் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டே, இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது, சுவர் எழுப்பியது எல்லாம் யார் என்று எனக்கு விளக்கினார். "தண்ணீரோட பண்புகள்னுதான் புத்தகத்துல இருக்கு டீச்சர். தொட்டியோட பண்புகள் பாடத்துல இல்ல" என்று சொல்லித் தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார்.

பிள்ளைகள் சொல்வதை வைத்து ஒரு பெரிய மனிதர்மேல் பழி சொல்லக் கூடாது என்றும் ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அதனால் அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகாமல் தங்கி, காலையில் பள்ளிக்குப் போனேன். கேட் திறந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் தெரியும்படி எதிர்த் திண்ணையில் ஏறி நின்றேன்.

அவர் கோவணத்தோடு தொட்டியின் விளிம்பில் காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வெயிலில் மினுங்கியது. பண்ணையாள் ஒருவர் பின்னால் நின்று அரப்பைக் கரைத்துக் கரைத்து முதுகில் தேய்த்தார். பச்சைக் குழம்பு இடுப்பின் மடிப்புகளில் தேங்கி நின்று, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தது. அவர் உள்ளே இறங்கி ஒரு முங்கு முங்கி எழுந்தார். மூக்கைச் சிந்தி விரலைத் தண்ணீரிலேயே அலசினார். ஒரு வாய் மொண்டு தொண்டைக்குள் கடகடவென்று உருட்டி அங்கேயே துப்பினார். தண்ணீரின்மேல் எண்ணெய் வானவில் நிறத்தில் விரிந்து சுவரோரமாக ஒதுங்கியது.

என்னைப் பார்த்ததும் அவர் கூச்சப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கூச்சப்பட்டு நின்றவள் நான்தான்.

"வாங்க டீச்சரம்மா. லீவுக்கு ஊருக்குப் போகலீங்களா?" என்றார், தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்போல.

இது பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்றேன்.

"தெரியாதுங்களா? என்ர வண்டி போட்ட போரு, நாங் கட்டிக் குடுத்த தொட்டி. நம்ம கெணத்துத் தண்ணி சில்லுன்னு கெடக்குது, எண்ண தேச்ச ஒடம்புக்கு ஆகறதில்லீங்க. இது அடியில இருந்து வெதுவெதுன்னு வருது. சொகமா இருக்குது."

எண்ணெயையும் அரப்பையும் பற்றி ஏதோ சொன்னேன். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இத்தன தண்ணியில ஒரு ஆளோட அழுக்கு எந்த மூலைக்குங்க? ஊட்டுல மட்டும் அந்தப் புள்ளைக பன்னீரா குடிக்கறாங்க?"

அப்படியென்றால் காலனிப் பிள்ளைகள் சொம்பில் மொண்டால் மட்டும் என்ன என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று போகவில்லை. வாயில் வந்துவிட்டது. அரப்பைக் கரைத்துக்கொண்டிருந்த பண்ணையாளின் கை நின்றது. ரிக்குக்காரர் முகத்தில் வழிந்த அரப்பை வழித்து உதறிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"அது வேறீங்க டீச்சரம்மா. சுத்தம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா."

மார்பளவு அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் சொன்னார். என் உடம்பு கூசியது. எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைப்போல் இன்னொன்று கேட்டதில்லை.

திங்கட்கிழமை என் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொன்னேன். இடைவேளையில் ரோட்டோர அடிபம்புக்கு அழைத்துப்போனேன். ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. பிள்ளைகள் சூடத்தை விடவில்லை. கோயிலில் இருந்தும் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தும் கிள்ளிக்கொண்டுவந்து, திங்கட்கிழமையானால் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எல்லா வகுப்பிலும் விளையாட்டாகிவிட்டது. ஓடவில்லை என்றால், குளித்தாயிற்று என்று அர்த்தம். அரப்புத் தொட்டி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெயர் வீடுகளுக்குப் போய், டீக்கடைக்குப் போய், கடைசியில் அவர் காதுக்கும் போயிற்று.

ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பார்க்க அவ்வளவு சுத்தமான மனிதர். "புள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கறீங்களா, சூடத்த வெச்சு என்ர மானத்த வாங்கறீங்களா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. நான் பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியர் ஓடிவந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் எனக்கு உத்தரவு வந்தது: தண்ணீர்ப் பாடம் முடிந்தது, காந்தம் ஆரம்பியுங்கள்.

மாசி பிறந்த பிறகு அவர் தன் தோட்டத்தில் புதிதாக ஒரு போர் போட்டு, பக்கத்தில் குளிக்கத் தொட்டியும் கட்டிக்கொண்டார். தென்னைக்காகப் போட்ட போர். அங்கேயும் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்ததாம். பள்ளிக்கு வருவது நின்றுபோயிற்று. வெட்கத்தால் நிற்கவில்லை. வசதியால் நின்றது. "பாத்தீங்களா டீச்சர், எல்லாம் தானா சரியாப் போச்சு" என்றார் தலைமையாசிரியர்.

பிறகு தொட்டியைக் கழுவ ஏற்பாடு நடந்தது. கழுவ வந்தவர்கள் காலனி ஆட்கள். அந்த உயரமான பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். பிள்ளைகள் படியில் கால் வைக்கக் கூடாத தொட்டிக்குள் அப்பன்மார் இறங்கினார்கள். தக்கையைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டதும் ஒரு வாடை எழுந்து வகுப்புகளுக்குள் வந்தது. அழுகிய இலையும் காறல் எண்ணெயும் சேர்ந்த வாடை. அடியில் முழங்கால் புதையும் அளவு கரும்பச்சைச் சேறு. அதை வாளி வாளியாக அள்ளி மேலே கொடுத்தார்கள். அதில் நரைமயிர் பந்து பந்தாகச் சுருண்டு கிடந்தது. பல் போன சீப்பு ஒன்று, கோவணத் துணியின் கிழிசல் ஒன்று, செத்து ஊறிய ஓணான் ஒன்று. சுவரில் எண்ணெய் விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. அதைக் கொட்டாங்குச்சியால் சுரண்டினார்கள். மத்தியானம் அவர்கள் தண்ணீர் கேட்டபோது, பள்ளி வாட்ச்மேன் அடிபம்பில் பிடித்துவந்து, சேறு ஒட்டிய அவர்களுடைய கைகளில் ஊற்றினார். குனிந்து குடித்தார்கள்.

வேலை முடிந்து அவர்கள் போன பிறகுதான் நான் மிகவும் அருவருத்த காரியம் நடந்தது. தலைமையாசிரியர் கோயில் பூசாரியை வரவழைத்திருந்தார். பூசாரி ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் கொண்டுவந்து, படியிலும் சுவரிலும் தொட்டிக்குள்ளும் தெளித்தார். நான் எதற்கு என்று கேட்டேன். "அவுங்க எறங்குன தொட்டியாச்சே டீச்சர். ஊர்ல பேசுவாங்க" என்றார் தலைமையாசிரியர். வருஷக்கணக்காக ரிக்குக்காரர் இறங்கியபோது மஞ்சளும் தெளிக்கவில்லை, மாவிலையும் தேடவில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உயரமான பெண் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னாள்.

"எங்கப்பா காலையில தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டுத்தானுங்க வந்தாரு."

அன்று சாயங்காலம் ரிக்குக்காரரின் பண்ணையாள் என் அறை வாசலில் ஒரு குலை இளநீரை இறக்கி வைத்துவிட்டு, தொட்டி சுத்தமாயிருச்சு, டீச்சரம்மா இனித் தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் பயந்து, குலையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் ஒன்றைக்கூட வெட்டவில்லை. வீட்டுக்கார அம்மா எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் ஒரு முடிவோடு போனேன். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, சொம்பை எடுத்து அந்த உயரமான பெண்ணிடம் நீட்டி, படியேறி நீயே மொண்டு குடி, யார் கேட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். முன்பெஞ்சுப் பிள்ளைகள் விலகி நின்றார்கள். தலைமையாசிரியர் அறையின் ஜன்னல் பாதி திறந்திருந்தது.

அவள் சொம்பைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"வேண்டாங்க டீச்சர். எனக்கு அந்தத் தண்ணி கொமட்டுது."

சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டி ரோட்டோர அடிபம்புக்கு நடந்தாள். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். நாலைந்து பிள்ளைகளும் வந்தார்கள். அதில் முன்பெஞ்சிலிருந்து ஒருத்தியும் இருந்தாள். நான் கைப்பிடியை அடித்தேன். உயரமான பெண் முதலில் கையைக் கழுவிக்கொண்டு, பிறகு ஏந்திக் குடித்தாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். அடுத்தவளுக்கு அவள்தான் பம்பு அடித்தாள்.

அடுத்த ஜூனில் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. நானே கேட்டு வாங்கியதுதான். வழியனுப்பு விழாவில் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்கள். தொடாமல் எழுந்து வந்தேன்.